விழாமல் ஒருமுறை

குன்வோர் யார் என்று ஹேகெலியில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அதற்கப்புறம்தான் நல்ல வார்த்தை சொல்வார்கள், அதையும் வாய் நிறையச் சொல்வார்கள். சிரிப்பு முந்திக்கொண்டு வருவதற்குக் காரணம் அவளுடைய பனிச்சறுக்கு. எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளை நடக்கப் பழகிய அடுத்த குளிர்காலத்திலேயே அதன் காலில் பலகையை மாட்டிவிடுவோம். ஐந்து வயதில் அது காட்டுக்குள் போய்த் திரும்பும். ஏழு வயதில் கன்று மேட்டிலிருந்து நின்றபடி இறங்கி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மூக்கைத் துடைத்துக்கொள்ளும். அறுபது வயதைத் தாண்டியும் அந்த மேட்டில் ஒரே ஒரு தடவைகூட விழாமல் இறங்காத ஆள் ஊரில் குன்வோர் ஒருத்திதான்.

அந்த மேட்டுக்குக் கன்று என்று பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். மேலிருந்து பார்த்தால் பரம சாது. பாதி வழியில், வெயில் விழும் பக்கம் முடிந்து மரங்களின் நிழல் தொடங்கும் இடத்தில், ஒரு துள்ளல் துள்ளும். முழங்காலை மடக்கத் தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். குன்வோர் அந்த இடத்தில் விழுவாள். குப்புற விழுந்திருக்கிறாள், மல்லாக்க விழுந்திருக்கிறாள். ஒரு வருஷம் அவளுடைய பலகை மட்டும் கழன்று தனியாகக் கீழே வந்து சேர்ந்தது, அதற்குக் கூட்டம் கைதட்டியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சறுக்குத் தடத்தில் பூட்ஸ் காலால் குழி போடுகிறவர்களைத் திருடனுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறோம் நாங்கள். குன்வோர் விழுவாளே தவிர, அந்தக் காரியத்தைச் செய்யமாட்டாள்.

அவளைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவள் அவள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் உறைந்து கிடக்கும் சாலை. ஊர் கண் விழிப்பதற்கு முன்பே அதில் இரும்பு அலகை இறக்கிவிட்டு, ஒரு கையில் காபிக் குவளையோடு வளைவு வளைவாகப் போய்க்கொண்டிருப்பாள். ஒருமுறை ஒரு வளைவில் ஆற்றுப் பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்த பால் லாரியை, தன் வண்டியை அந்த இடம் வரைக்கும் பின்னோக்கியே ஓட்டிப் போய், சங்கிலி மாட்டி இழுத்துப் போட்டவள். அந்த லாரி ஓட்டுநர் இன்றைக்கும் அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு மெல்லிய பலகைமேல் நிற்க வரவில்லை என்றால் எரிச்சல் வருமா, வராதா? அவளுக்கு வந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. விழுந்ததும் சாத்தானை அவன் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டுவாள். ஊன்றுகோலைத் தூக்கி வீசுவாள். பிறகு அதை எடுக்க இடுப்பளவுப் பனியில் இறங்கவேண்டியிருக்கும், அதற்கும் சாத்தான்தான் பொறுப்பு.

பள்ளிப் போட்டிகளில் கடைசியாக வந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் யாராவது ஒருவர் கடைசியாக வரத்தானே வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததுதான் அவளை உலுக்கியது. கட்டிக்கொண்டது டென்மார்க்காரன் ஒருவனை. பிரெபென் என்று பெயர், தச்சன், மலைமேல் விடுமுறை வீடுகள் கட்ட வந்தவன். மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத நாட்டில் பிறந்தவன் பலகையில் ஏறினால் என்ன ஆவான் என்று பார்க்க ஊரே ஆசையாகக் காத்திருந்தது. முதல் குளிர்காலம் முழுக்க எல்லாரையும் நன்றாகச் சிரிக்கவைத்தான். இரண்டாவது குளிர்காலத்தில் கன்று மேட்டிலிருந்து நின்றபடி இறங்கிவிட்டான். கீழே வந்து சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தால், பெண்டாட்டி பாதி மேட்டில் பனிக்குள் கிடக்கிறாள்.

அவளுடைய சிநேகிதி தோரா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. “ஊர் மானத்தை வாங்கிட்டியேடி, டென்மார்க்காரன்கிட்ட தோத்துட்டு வந்து நிக்குற” என்று கடை வாசலில் வைத்துக் கேட்டாள். குன்வோர் அன்றைக்கு முழுக்க பிரெபெனோடு பேசவில்லை. பாவம், அவன் என்ன செய்வான். அப்புறம் பிறந்த இரண்டு பெண்களும் பத்து வயதுக்கு முன்பே அவளைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, பெருமூச்சு விட்டு, அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் அப்புறம் வேறு யாராக இருந்தாலும் பலகையைக் கொட்டகையில் போட்டுவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுக் கம்பளி பின்னப் போயிருப்பார்கள். ஊரில் அப்படிப் போனவர்கள் நிறைய. நன்றாகச் சறுக்கியவர்கள்தான் சீக்கிரம் போனார்கள்; முன்பு மாதிரி வரவில்லை என்ற வருத்தத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. குன்வோருக்கு முன்பு மாதிரி என்று ஒன்று இருந்ததே இல்லை. சாலை வேலை முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் காட்டுக்குள் போய்விடுவாள். புதுப் பனி விழுந்த காலையில், உறைந்த ஏரியின்மேல், பலகை தானாக நழுவுகிற சமவெளியில் அவளுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். குளிர் மூக்குத் துவாரத்தைக் கடிக்கும், மூச்சு சீராக வந்துபோகும், கையும் காலும் ஒன்றோடு ஒன்று சண்டை போடாமல் ஒத்துப்போகும். அக்கரையில் வெயில் படும் பாறையில் சாய்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியையும் ஓர் ஆரஞ்சையும் தின்பாள். வீடு திரும்பும்போது முகம் சிவந்திருக்கும், சட்டைக்குள் பனி உருகி வழிந்துகொண்டிருக்கும். எப்படி இருந்தது என்று பிரெபென் கேட்பான். “கேவலமா சறுக்கினேன். ரொம்ப நல்லா இருந்துச்சு” என்பாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு ஒரு பெரிய மனசு வேண்டும். அது எனக்குத் தெரிந்து அவளிடம் மட்டும்தான் இருந்தது.

அவளுடைய மெழுகைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் ஊரே அதைப் பற்றிப் பேசும். பலகையின் அடியில், பாதத்துக்குக் கீழே, மெழுகு பூசுவோம். ஏறும்போது அது பனியைப் பிடித்துக்கொள்ளும், இறங்கும்போது விட்டுவிடும். காலையில் எழுந்து வெளியே விரலை நீட்டிப் பார்த்து, இன்றைக்கு எந்த மெழுகு, எவ்வளவு என்று தீர்மானிப்பதில்தான் எங்கள் ஊரின் பாதிச் சண்டையும் முக்கால்வாசி சந்தோஷமும் இருக்கிறது. குன்வோருக்கு அந்தச் சண்டையே கிடையாது. எந்த நாளாக இருந்தாலும் இருப்பதிலேயே பிசுபிசுப்பான மெழுகை எடுத்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி அப்பிவிடுவாள். அந்தப் பலகையோடு சுவரில்கூட ஏறலாம் என்று கிண்டல் செய்வார்கள். அவள் அப்படிப் பூசியது ஏறுவதற்காக இல்லை, இறங்கும்போது வேகம் பிடிக்காமல் இருப்பதற்காக. வெயிலில் ஈரமான பனிமேல் அது மெதுவாக நகரும். நிழலுக்குள் நுழைந்ததும் உலர்ந்த பனி மெழுகில் ஒட்டிக்கொள்ளும், பலகை சட்டென்று நிற்கும், குன்வோர் நிற்கமாட்டாள். கன்று மேட்டில் வருஷா வருஷம் நடந்தது இதுதான்.

பனிச்சறுக்குச் சங்கத் தலைவன் ஹல்வார் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இந்த வட்டாரத்திலேயே அவனைப் போல அழகாக இறங்குகிறவர்கள் இல்லை. உன்னைத் தள்ளிவிடுவது மேடு இல்லை, உன் மெழுகு என்று இளவயதிலிருந்தே அவளிடம் சொல்லிவந்தான். தெரியும் என்பாள். மறுநாளும் அப்பிக்கொண்டு வருவாள். நல்ல மெழுகைப் பூசினால் வேகம் வரும். அவளைக் கட்டிப்போட்டிருந்தது அந்த வேகத்தைப் பற்றிய பயம், வேறொன்றும் இல்லை. பனி தள்ளும் வண்டியில் பிரேக் அவள் காலடியில் இருக்கும். பலகையில் பிரேக் கிடையாது. இது தனக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அறுபது தாண்டியபின் ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு இடுப்பு வலி தாங்கமுடியாமல் போயிற்று. நகரத்து மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டை மாற்றியே ஆகவேண்டும், ஈஸ்டர் முடிந்ததும் வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கப்புறம் சறுக்கலாமா என்று குன்வோர் கேட்டாள். சமதளத்தில் தாராளமாகப் போகலாமாம். சரிவில் மட்டும் கூடாதாம். புது மூட்டோடு உங்களை மாதிரி விழுகிறவர்கள் சரிவுப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் தன்மையாகத்தான் சொன்னார். ஹேகெலியில் அவள் எப்படி விழுவாள் என்பது நகரம் வரைக்கும் தெரிந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் காரை அவள்தான் ஓட்டினாள், பக்கத்தில் பிரெபென்.  ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும், ஈஸ்டர் பந்தயத்தில் ஓடப்போகிறேன், கன்று மேட்டில் ஒருமுறை நின்றபடி இறங்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன், இதை விட்டால் எனக்கு எப்போதும் கிடையாது என்றாள். பிரெபென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனசு அவளுக்குத் தெரியும். விழுந்து அந்த இடுப்பு அங்கேயே நொறுங்கிப்போனால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தான். நினைப்பதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை.

ஈஸ்டர் சனிக்கிழமைப் பந்தயம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் உண்டு. தேவாலயத்திலிருந்து புறப்பட்டு, ஏரியைக் கடந்து, காட்டைச் சுற்றி, கடைசியில் கன்று மேட்டின் உச்சிக்கு வந்து, ஊர்க் கண்ணெதிரே இறங்கி முடிக்கவேண்டும். முந்தின நாள் சங்கத்து ஆட்கள் தடம் போட்டுக் கொடி நடுவார்கள். குன்வோர் போன வருஷம்தான் அறுபது தாண்டிய பெண்கள் பிரிவுக்கு வந்திருந்தாள். அந்தப் பிரிவில் ஓடுகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் காபியும் வாஃபிள் பலகாரமும் விற்கிற பக்கம் போய்விட்டார்கள். அதனால் போன வருஷம் கடைசியாகவும் வந்தாள், முதலாவதாகவும் வந்தாள். பரிசாக ஒரு வெள்ளிக் கரண்டி கொடுத்தார்கள். அதை வைத்துப் பூனைக்குச் சோறு போடுகிறாள்.

பந்தயத்தன்று காலையில் நெஞ்சில் கட்டும் எண் அட்டையை வாங்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மேட்டின் உச்சியில் தடம் இரண்டாகப் பிரிகிறது. சிவப்புக் கொடி மேட்டில் இறங்குகிறது. மஞ்சள் கொடி வலப்பக்கம் சின்ன ஏற்றம் ஏறி, காட்டு மரம் ஏற்றிவரும் வண்டிப் பாதை வழியாக நோகாமல் சுற்றிக்கொண்டு, கீழே வந்து சேர்கிறது. அறுபது தாண்டிய பெண்களுக்கு மஞ்சள்.

அவள் எண் அட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். “ஏன்டா ஹல்வார், அறுபது தாண்டின பொம்பளைங்க எத்தனை பேர் ஓடுறோம்?”

“நீ ஒருத்திதான்.”

“அப்ப அத்தனை மஞ்சள் கொடியும் எனக்காகத்தான் நட்டிருக்க.”

ஹல்வார் பொய் சொல்லத் தெரியாதவன். இடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், வயதுக்கு ஒரு மரியாதை செய்யலாம் என்று சங்கத்தில் எல்லாரும் நினைத்ததாகவும் மென்று விழுங்கினான். யாரிடம் கேள்விப்பட்டான் என்று அவள் கேட்கவில்லை. திரும்பிப் பிரெபெனைப் பார்த்தாள்.

“நான்தான் சொன்னேன்” என்றான் பிரெபென். “திட்டணும்னா வீட்டுல போய்த் திட்டு. எனக்கு நீ முழுசா வேணும்.”

அவள் திட்டவில்லை. அதுதான் இரண்டு பேரையும் கலங்கடித்தது. கொடியை மாற்றிப் போனால் உன் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவேண்டியிருக்கும், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் என்று ஹல்வார் கெஞ்சுகிற குரலில் சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டு வரிசையில் போய் நின்றாள். விழுந்தபோதெல்லாம் ஊர் சிரித்திருக்கிறது, கிண்டல் செய்திருக்கிறது. அதெல்லாம் அவளையும் தங்களில் ஒருத்தியாக வைத்துச் சிரித்த சிரிப்பு. மஞ்சள் கொடி அப்படி இல்லை. உன்னால் முடியாது என்று முதல் முறையாக அமைதியாக, அன்பாகச் சொல்லிவிட்டார்கள். 

புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே எல்லாரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஏரிக்கு வந்தபோது முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மேல்பனி லேசாக இளகியிருந்தது, தடம் நீளமாக மின்னிக்கொண்டு கிடந்தது. பாதி ஏரிக்குள் அவளுக்குக் கோபம் கரைந்துவிட்டது. அவளால் எதையும் அதிகநேரம் ஏரிமேல் சுமந்துகொண்டு போக முடிவதில்லை. இடது இடுப்பு ஒவ்வொரு எட்டுக்கும் குத்தியது, இருந்தாலும் கையும் காலும் ஒத்துப்போயின. காட்டுக்குள் இரண்டு தடவை விழுந்தாள், இரண்டு தடவையும் சாத்தானைக் கூப்பிட்டாள். ஒரு நரி தடத்தைக் குறுக்கே கடந்து போயிருந்தது. நின்று அந்தக் காலடிகளைப் பார்த்தாள். பந்தயத்தில் ஓடுகிறவர்கள் நின்று நரிக் காலடி பார்க்கமாட்டார்கள், அதனால்தான் அவர்கள் முதலில் வருகிறார்கள்.

மேட்டின் உச்சியில் இரண்டு கொடிகளுக்கும் நடுவில் நின்றாள். கீழே மைதானத்தில் ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. மற்ற எல்லாரும் முடித்துவிட்டிருந்தார்கள். அவள் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்தாள். பந்தயத்துக்கு நடுவில் ஆரஞ்சு தின்பது அவளுக்குப் புதிது இல்லை, கீழே இருந்தவர்களுக்கும் புதிது இல்லை. ஒவ்வொரு சுளையாக வாயில் போட்டுக்கொண்டே யோசித்தாள். வலப்பக்கம் போனால் இன்னொரு வெள்ளிக் கரண்டி நிச்சயம். பிரெபென் நிம்மதியாக மூச்சு விடுவான். இடப்பக்கம் போனால் வழக்கம்போல நிழலில் பலகை நிற்கும், இந்த முறை இடுப்பும் போகும்.  தனக்குப் பயமாக இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்ட பிறகு அது முன்னைப் போல அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

பனியில் உட்கார்ந்து பலகைகளைக் கழற்றினாள். பையில் துழாவி, மெழுகு சுரண்டும் தகட்டை எடுத்தாள்.

கீழே ஹல்வார் தூரநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் பிறகு தோராதான் அவளிடம் சொன்னாள். தூரநோக்கியைக் கண்ணிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தானாம். “சுரண்டுறா. மெழுகைச் சுரண்டுறா” என்றானாம்.  வாஃபிள் கல்லில் ஒன்று கருகும் வாசனை வந்தும் யாரும் திரும்பவில்லை. பிரெபென் ஒருவனுக்குத்தான் புரியவில்லை. என்னதான் இருந்தாலும் டென்மார்க்காரன். தோரா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“மெழுகு இல்லாம அந்த மஞ்சள் கொடி ஏத்தத்துல ஏற முடியாது, பிரெபென். பின்னாலயும் வர முடியாது. இனிமே அவளுக்கு ஒரே வழிதான்.”

மேலே குன்வோர் நன்றாக அழுத்திச் சுரண்டினாள். கொழகொழவென்று சுருண்டு வந்த மெழுகைப் பனியில் துடைத்தாள். இரண்டு பலகையும் வழவழவென்று ஆனபின் மாட்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்த உடனேயே பலகை முன்னால் நழுவியது, ஊன்றுகோலைக் குத்திப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு வழுக்கும் என்று அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. பிறகு ஊன்றுகோலைத் தூக்கிவிட்டாள்.

அவள் இறங்கிய விதத்தை அழகு என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். முதுகு வளைந்து, முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கைகள் இரண்டு பக்கமும் விரிந்து, ஊன்றுகோல்கள் காற்றில் கிறுக்கிக்கொண்டு வந்தாள். காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. நிழல் வந்தது. பலகை நிற்கும் என்று உடம்பு எதிர்பார்த்துப் பின்னால் சாய்ந்தது. பலகை நிற்கவில்லை. துள்ளலில் இடது பலகை தரையை விட்டு எழும்பி எங்கேயோ போகப் பார்த்தது. இடுப்பில் கத்தி இறங்கினது போல வலித்தது. ஒற்றைக் காலில், சாத்தானை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள். பிறகு இடது காலும் திரும்பி வந்து தடத்தில் உட்கார்ந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். மேடு முடிந்துவிட்டது, அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. இதுவரை அவள் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் விழுந்துதான் நின்றிருக்கிறாள். திரும்பவோ வேகத்தைக் குறைக்கவோ அவசியமே வந்ததில்லை. முடிவுக் கம்பங்கள் இரண்டும் அவளுக்கு இடப்பக்கம் கடந்து போயின. நேரம் பார்க்கிறவர்கள் கையை ஆட்டினார்கள். வாஃபிள் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் கூட்டத்தைத் தாண்டி, கார்கள் நின்ற இடத்தைத் தாண்டி, பின்னால் இருந்த வெறும் வயலில் போய்க்கொண்டே இருந்தாள். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வயலின் நடுவில், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பிரெபென் பூட்ஸ் காலோடு பனியில் புதைந்து புதைந்து ஓடினான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“விழுந்தேனா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“நல்லாப் பாத்தியா?”

“ஊரே பாத்துச்சு.”

கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன்மேல் கோபம் இருந்தது ஞாபகம் வந்து, இல்லாத கோபத்தைக் கொஞ்சம் தேடிப்பார்த்தாள். கிடைக்கவில்லை. “முதுகு எப்படி இருந்துச்சு?”

பிரெபெனுக்குப் பொய் சொல்லலாமா என்று தோன்றியிருக்கும். “வளைஞ்சு இருந்துச்சு. ரொம்பவே.”

“தெரியும்” என்றாள். “கேவலமா வந்தேன். துள்ளல்ல பின்னால சாஞ்சுட்டேன், அதான் கால் தூக்கிருச்சு.” அவள் கண்ணில் இன்னும் நீர் நின்றது. ஆனால் மேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினாள்.

பரிசு கொடுப்பது பக்கத்துக் கூடத்தில். ஹல்வார் ஒவ்வொரு பிரிவாகப் படித்துக்கொண்டு வந்தான். பிள்ளைகள், இளைஞர்கள், ஆண்கள், பெண்கள் என்று முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் தயங்கினான். சட்டம் சட்டம்தான் என்று சொன்னவன் அவன், அதை அவனால் மீற முடியாது. அறுபது தாண்டிய பெண்கள் பிரிவில் யாரும் சரியான தடத்தில் முடிக்கவில்லை, பரிசு இல்லை என்று படித்தான்.  பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அன்றைக்கு முதலாவதாக வந்தவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை. ஹல்வார் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவனும் தட்டினான். அந்த மஞ்சள் கொடிக்காக அவன் முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது. குன்வோரைத் தேடினார்கள். அவள் கூடத்தில் இல்லை.

தோராதான் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். கன்று மேட்டில், தடத்துக்கு வெளியே ஓரமாக, பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு உருவம் நொண்டி நொண்டி ஏறிக்கொண்டிருந்தது. பிரெபென் ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோரா ஜன்னலைத் திறந்தாள்.

“அதான் இறங்கிட்டாளே. இன்னும் எதுக்கு ஏறுறா? நீயும் சும்மா விட்டுட்டு நிக்குற?”

“நானும் கேட்டுப் பாத்தேன், தோரா” என்றான் பிரெபென். “இறங்குறது நல்லா இருக்காம்.”

தோரா ஜன்னலை மூடவில்லை. குளிர் உள்ளே வருகிறது என்று யாரோ கத்தினார்கள், அப்போதும் மூடவில்லை. பாதி மேட்டில், நிழல் தொடங்கும் இடத்தில், குன்வோர் விழுந்தாள். விழுந்ததைத் தோரா பார்த்தாள். பிரெபென் ஓடத் தொடங்குவதற்குள் அவள் எழுந்து, முதுகில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, பலகைகளை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு மேலே திரும்பியதையும் பார்த்தாள்.